வேலை தேடுறீங்களா? நாலு பேருக்குத் தெரியட்டும்!

(வேலை தேடும் இளைஞர்களுக்கான வழிகாட்டி உரையின் எழுத்து வடிவம்)



எந்தச் சான்றிதழுக்கு எங்கே விண்ணப்பிப்பது, எந்தத் திட்டத்துக்கு என்ன ஆவணம் வேண்டும் என்றுதான் இந்தப் பக்கங்களில் வழக்கமாகப் பேசுவோம். இன்று பேசப்போவது படிவமே இல்லாத ஒரு விண்ணப்பத்தைப் பற்றி. கட்டணம் கிடையாது, வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆனாலும் நம்மில் பலர் இதைப் போடுவதே இல்லை. கூடப் படித்தவர், கூட வேலை பார்த்தவர், மேலே இருந்த சூப்பர்வைசர் என நம்மைத் தொழில்ரீதியாகத் தெரிந்தவர்களிடம் போய், "நான் வேலை தேடிக்கிட்டு இருக்கேன், கொஞ்சம் உதவி பண்ண முடியுமா?" என்று கேட்பதுதான் அது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கடந்த ஒரு மாதத்தில் எத்தனை இணையதளங்களில் உங்கள் பயோடேட்டாவைப் போட்டிருப்பீர்கள்? இருபது, முப்பது, சிலர் நூறுகூட இருக்கும். அதே ஒரு மாதத்தில் எத்தனை மனிதர்களிடம் நேரடியாகச் சொன்னீர்கள்? பெரும்பாலும் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும். முகம் தெரியாத நூறு கம்பெனிகளுக்குத் தெரிந்த விஷயம், மூன்று வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தவருக்குத் தெரியாது. இதுதான் இன்றைய பிரச்சினை.

ஏன் கேட்கத் தயங்குகிறோம்?

முதல் காரணம், கூச்சம். "வேலை போயிடுச்சுன்னு தெரிஞ்சா நாலு பேரு என்ன நினைப்பாங்க?" படித்து முடித்து ஒரு வருஷம் ஆனவர் கல்யாண வீட்டுக்குப் போகவே தயங்குகிறார். ஆட்குறைப்பில் வெளியே வந்தவர் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போலக் கிளம்புகிறார், வீட்டுக்கே சொல்வதில்லை. இந்தக் கூச்சத்துக்கு ஒரு விலை இருக்கிறது. நீங்கள் மறைக்கிற ஒவ்வொரு மாதமும், உங்களுக்குப் பொருத்தமான இடம் காலியாகி, உங்கள் பெயர் யாருக்கும் ஞாபகம் வராமலேயே நிரம்பிப் போகிறது.

இரண்டாவது காரணம், தன்மானம். "சிபாரிசுல போற வேலை எனக்கு வேண்டாம்." இதை மதிக்க வேண்டும். ஆனால் சிபாரிசு வேறு, அறிமுகம் வேறு. இந்த வித்தியாசத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்வது அவசியம்.

தகுதி இல்லாதவரை, தகுதி உள்ளவரைத் தாண்டி உள்ளே தள்ளுவது சிபாரிசு. "எங்க பழைய டீம்ல ஒருத்தர் இருக்கார், இந்த வேலை அவருக்குத் தெரியும், கூப்பிட்டுப் பேசிப் பாருங்க" என்று சொல்வது அறிமுகம். அறிமுகத்துக்குப் பிறகும் நேர்காணல் உண்டு, டெஸ்ட் உண்டு. தேறுவதும் தேறாததும் உங்கள் கையில். கதவு எங்கே இருக்கிறது என்று காட்டுவதுதான் அறிமுகம். உள்ளே போய் நிற்பது நீங்கள்தான்.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது தனியார் துறை வேலைகளைப் பற்றி மட்டுமே. அரசுப் பணிக்கு இது பொருந்தாது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் போன்ற அமைப்புகள் நடத்தும் தேர்வுகளில் யாரையாவது வைத்துச் செல்வாக்குப் பயன்படுத்த முயன்றால், அதுவே உங்களைத் தகுதி இழக்கச் செய்யும். அரசுத் தேர்வுக்கு நண்பரிடம் கேட்க வேண்டியது பாடக்குறிப்பும் பழைய வினாத்தாளும்தான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், பாஸ்டன் நகரை அடுத்த ஒரு புறநகரில், புதிதாக வேலை மாறியவர்களிடம் போய் "இந்த வேலை உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?" என்று கேட்டார். அதை வைத்து 1973-இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை இன்றுவரை பேசப்படுகிறது. தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், "அவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?" என்றும் கேட்டிருக்கிறார். அடிக்கடி பார்ப்பவர் மூலம் கிடைத்தது என்று சொன்னவர்கள் 16.7 சதவீதம். எப்போதாவது பார்ப்பவர் என்று சொன்னவர்கள் 55.6 சதவீதம். வருஷத்துக்கு ஒருமுறை பார்த்தாலே பெரிது என்று சொன்னவர்கள் 27.8 சதவீதம்.

அதாவது, உயிர் நண்பரைவிட, பழைய ஆபீஸில் 'ஹாய்' சொல்லிக் கடந்து போனவர் மூலம் வேலை கிடைத்தவர்கள் அதிகம். இது அன்பு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, தகவல் சம்பந்தப்பட்டது. உங்கள் நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த காலியிடம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். இருவரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில்தானே இருக்கிறீர்கள்! எட்டி நிற்கிறவர் வேறு கம்பெனியில், வேறு ஊரில், வேறு ஆட்களோடு பழகுகிறார். புதுச் செய்தி அங்கிருந்துதான் வரும்.

2022-இல் சயின்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வு, லிங்க்ட்இன் தளத்தில் இருக்கும் 2 கோடிக்கும் மேற்பட்டோரின் தொடர்புகளை ஐந்தாண்டுக் காலத்துக்குப் பார்த்தது. அதிலும் மிக நெருக்கமும் இல்லாமல், முற்றிலும் அந்நியமும் இல்லாமல், மிதமான பழக்கம் உள்ளவர்களே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவினார்கள் என்று தெரிந்தது. டிஜிட்டல் மயமான துறைகளில் இந்த மிதமான பழக்கமும், அப்படி இல்லாத துறைகளில் நெருங்கிய பழக்கமும் கூடுதலாகக் கைகொடுக்கின்றன என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. மென்பொருள் வேலை தேடுபவர் பழைய டீம் ஆட்களைத் தேடிப் போக வேண்டும். லேத் பட்டறை வேலை தேடுபவர் தன்னைத் தொழிலில் வளர்த்த மேஸ்திரியிடம் முதலில் போவது நல்லது.

"எனக்கு யாரையும் தெரியாதே!"

இப்படிச் சொல்லாதவர்களே இல்லை. ஒரு நோட்டை எடுங்கள். ஐந்து தலைப்பு போடுங்கள்.

1. கூட வேலை பார்த்தவர்கள்: இப்போது வேறு கம்பெனிக்குப் போனவர்களை முதலில் எழுதுங்கள்.

2. மேலே இருந்தவர்கள்: சூப்பர்வைசர், டீம் லீட், ஹெச்.ஆர். நல்ல முறையில் பிரிந்தவர்கள் மட்டும்.

3. வெளியிலிருந்து வந்து போனவர்கள்: மெட்டீரியல் சப்ளை செய்தவர், சர்வீஸ் இன்ஜினியர், வாடிக்கையாளர் கம்பெனி ஆள், ஆடிட்டர் ஆபீஸ் பையன்.

4. படித்த இடம்: சீனியர்கள், துறைத் தலைவர், வேலைவாய்ப்பு அலுவலர், ஐ.டி.ஐ. பயிற்றுநர், தொழிற்பழகுநர் பயிற்சி கொடுத்தவர்.

5. தொழில்வழிப் பழக்கம்: பயிற்சி வகுப்பில் பக்கத்தில் இருந்தவர், சங்கக் கூட்டத்தில் பார்த்தவர், கண்காட்சியில் நம்பர் வாங்கியவர்.

மூன்றாவது தலைப்பைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். கோவையில் ஒரு பம்ப் ஆலையில் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்தவரை எடுத்துக்கொள்வோம். அந்த ஆலைக்கு வார்ப்புகள் கொண்டுவருபவர் இன்னும் பத்து ஆலைகளுக்கும் போகிறார். எந்த ஆலையில் புது லைன் போடுகிறார்கள், எங்கே ஆள் பற்றாக்குறை என்பது பேப்பரில் விளம்பரம் வருவதற்கு முன்பே அவருக்குத் தெரியும். திருப்பூரில் ஒரு மெர்ச்சண்டைசருக்குச் சாயப்பட்டறைக்காரர், பட்டன் சப்ளையர், பிரின்டிங் யூனிட் என்று எத்தனை தொடர்புகள்! அவர்களுடைய நம்பர் எல்லாம் உங்கள் போனில்தான் இருக்கிறது.

எப்படிக் கேட்பது?

பெரும்பாலும் நாம் அனுப்புகிற செய்தி இப்படித்தான் இருக்கும்: "சார், எப்படி இருக்கீங்க? ஏதாச்சும் வேலை இருந்தா சொல்லுங்க சார்."

இதைப் படித்தவர் "சரிப்பா, பாக்கலாம்" என்று பதில் போடுவார். அவர் மனசில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. என்ன வேலை, எந்த ஊர், எவ்வளவு அனுபவம், யாரிடம் சொல்வது என்று எதுவுமே அவருக்குத் தெரியாது. யோசிக்கிற வேலை முழுவதையும் அவர் தலையில் வைத்துவிட்டோம்.

நல்ல செய்தியில் நான்கு விஷயம் இருக்க வேண்டும். நீங்கள் யார் என்ற ஞாபகமூட்டல், இப்போதைய நிலை, குறிப்பாக என்ன தேடுகிறீர்கள், அவர் செய்யக்கூடிய ஒரே ஒரு சின்ன உதவி. மாதிரிக்கு:

"வணக்கம் அண்ணா. ஒரகடம் பிளான்ட்ல பி ஷிஃப்ட்ல உங்க லைன்ல தர ஆய்வு பார்த்த செல்வம். கான்ட்ராக்ட் முடிஞ்சு போன மாசம் வெளியே வந்துட்டேன். மெக்கானிக்கல் டிப்ளமோ, நாலு வருஷ அனுபவம். ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலை தேடுறேன். உங்க கம்பெனியில இந்தப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறாங்களான்னு மட்டும் தெரிஞ்சா சொல்லுங்கண்ணா. பயோடேட்டா இணைச்சிருக்கேன். நேரம் கிடைக்கும்போது சொன்னா போதும்."

இதைப் படிப்பவருக்கு வேலை சுலபம். அப்படியே ஹெச்.ஆர்.-க்கு ஃபார்வர்டு செய்துவிடலாம். "ஆள் எடுக்கிறாங்களா" என்பது தகவல் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல யாரும் சங்கடப்பட மாட்டார்கள். "வேலை வாங்கிக் கொடுங்க" என்பது பாரம். கையில் அதிகாரம் இல்லாதவர் அந்தப் பாரத்தைக் கண்டு விலகிப் போவார்.

உறவில்லாத, வயதில் மூத்த ஒரு மேடத்துக்கு எழுதும்போது 'அக்கா' என்று ஆரம்பிக்க வேண்டாம். வேலையில் எப்படிக் கூப்பிட்டீர்களோ அப்படியே கூப்பிடுங்கள். ஒரே செய்தியை நூறு பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பாதீர்கள். எல்லோருக்கும் வந்த செய்திக்கு யாரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள். பயோடேட்டாவை பி.டி.எஃப். கோப்பாக, உங்கள் பெயரும் வேலையும் தெரிகிற மாதிரி தலைப்புக் கொடுத்து அனுப்புங்கள். 'நியூ ஃபைனல் 2' என்ற பெயரில் வந்த கோப்பு, பத்துக் கோப்புகளுக்கு நடுவில் யாருடையது என்றே தெரியாது.

ரெஃபரல்: ஒரு நடைமுறை எச்சரிக்கை

பல நிறுவனங்களில், ஊழியர்களே தகுதியான ஆட்களைப் பரிந்துரைக்க 'எம்ப்ளாயி ரெஃபரல்' என்ற முறை இருக்கிறது. பரிந்துரைத்தவர் தேர்வானால் ஊழியருக்கு ஊக்கத்தொகையும் பல இடங்களில் உண்டு. ஆகவே, கேட்டால் தொந்தரவாக நினைப்பாரோ என்று பயப்பட வேண்டாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் ஏற்கெனவே நேரடியாக விண்ணப்பித்திருந்தால், அதே வேலைக்கு ஒருவர் ரெஃபர் செய்வதைப் பல நிறுவனங்களின் கணினி ஏற்றுக்கொள்ளாது. குறிப்பிட்ட காலம் கழித்துத்தான் முடியும் என்று வரும். அதனால் விருப்பமான கம்பெனியில் தெரிந்தவர் இருந்தால், விண்ணப்பிக்கும் முன் அவரிடம் கேளுங்கள். கேட்கும்போது அந்த வேலையின் எண்ணையோ இணைப்பையோ சேர்த்துக் கொடுங்கள். "உங்க கம்பெனியில ஏதாச்சும் ஒண்ணுக்கு ரெஃபர் பண்ணுங்க" என்றால் அவர் எதற்கென்று செய்வார்?

உங்களை ரெஃபர் செய்கிறவர் தன் பெயரைப் பிணையாக வைக்கிறார். தெரியாத வேலையைத் தெரியும் என்று எழுதிவிட்டு நேர்காணலில் விழித்தால், அடுத்த முறை அவர் வேறு யாருக்கும் பேச முடியாது. அதனால் உண்மையை மட்டும் எழுதுங்கள்.

பதில் வரவில்லை என்றால்?

ஒரு வாரம் பொறுங்கள். பிறகு ஒரே ஒரு முறை, "நேரம் கிடைச்சுதாங்க சார்?" என்று நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிட்டு அடுத்தவரிடம் போங்கள். அவருக்கு வீட்டில் என்ன பிரச்சினையோ, அவருடைய வேலையே ஆட்டத்தில் இருக்கிறதோ, நமக்குத் தெரியாது. கோபப்பட்டு 'பார்த்தும் பதில் போடல' என்று ஸ்டேட்டஸ் வைத்தால், மற்ற கதவுகளும் சாத்திக்கொள்ளும்.

"இல்லப்பா, இப்ப எடுக்கல" என்று பதில் வந்தால் அதுவும் லாபம்தான். "பரவாயில்ல சார். இந்தத் துறையில நான் பேச வேண்டிய வேற யாராவது இருந்தா சொல்லுங்க" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் பட்டியலில் ஒரு புதுப் பெயர் சேரலாம்.

உதவி பலித்தாலும் பலிக்காவிட்டாலும், முடிவைச் சொல்லுங்கள். நேர்காணலுக்குப் போய்விட்டு என்ன ஆனது என்றே சொல்லாமல் இருப்பது, உதவியவரை வாசலில் நிற்க வைத்துவிட்டு உள்ளே போவது மாதிரி.

வேலையில் இருந்துகொண்டே தேடுபவர்கள், "இது நமக்குள்ளயே இருக்கட்டும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நடப்பு நிறுவனத்தின் கணினியையோ மின்னஞ்சலையோ இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

குழந்தை வளர்ப்புக்காக வேலையை விட்டுத் திரும்ப வருகிற பெண்களுக்கு ஒரு வார்த்தை. "அஞ்சு வருஷம் கேப் ஆயிடுச்சு, இப்ப எந்த முகத்தை வச்சுக்கிட்டுக் கேட்கறது?" என்று நினைக்காதீர்கள். உங்களோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் இன்று டீம் லீடாகவும் மேனேஜராகவும் இருப்பார்கள். நீங்கள் எப்படி வேலை செய்வீர்கள் என்று பயோடேட்டாவைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இடைவெளிக்கு மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. "2019 முதல் இடைவெளி, இப்போது முழுநேர வேலைக்குத் தயார்" என்று ஒரு வரி போதும்.

உண்மையிலேயே யாரும் இல்லாதவர்களுக்கு

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு நியாயமான கேள்வி எழும். அப்பா மேனேஜராக இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு நூறு பேரைத் தெரியும். அப்பா கூலி வேலை பார்க்கிற வீட்டில், முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கிப் படித்த பிள்ளைக்கு யாரைத் தெரியும்? தெரிந்தவர் மூலம்தான் வேலை என்றால், அது தெரிந்தவர் இல்லாதவனுக்கு அநியாயம் இல்லையா?

ஆமாம், அநியாயம்தான். அதை மறைத்துப் பேசுவதில் பயன் இல்லை. தொடர்புகள் எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. ஊர், சாதி, பணம், படித்த கல்லூரி எல்லாம் அதில் இருக்கிறது. வீட்டிலிருந்து தொடர்பு வராத ஒருவருக்கு அதை வெளியே உருவாக்கித் தர வேண்டியது பொது அமைப்புகளின் கடமை. அப்படி இருக்கும் சில இடங்கள்:

ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் இருக்கிறது. பதிவு செய்வதும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பதும் மட்டும்தான் அங்கே வேலை என்று நினைக்காதீர்கள். தொழில்நெறி ஆலோசனை உண்டு. போட்டித் தேர்வுக்குத் தயாராகும் தன்னார்வப் பயிலும் வட்டங்கள் உண்டு. அங்கே பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறவர்தான் நாளை உங்களுக்குச் செய்தி சொல்லப்போகிறவர்.

இந்த மையங்கள் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களையும் நடத்துகின்றன. அனுமதி இலவசம். முகாமுக்குப் போனால் பயோடேட்டாவைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பாதீர்கள். கம்பெனி சார்பில் வந்தவரின் பெயரையும், அவர் விரும்பிக் கொடுத்தால் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அன்று மாலையே, "இன்று முகாமில் சந்தித்தேன்" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். காலையில் தெரியாதவராக இருந்தவர், மாலையில் தெரிந்தவர் ஆகிவிட்டார்!

வீட்டிலிருந்தே பார்க்க, தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையமும், மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளமும் இருக்கின்றன. கல்லூரியில் படிப்பவர்கள், 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டப் பயிற்சிகளில் வரும் பயிற்றுநர்களோடு தொடர்பில் இருங்கள். படிப்பு முடிந்ததும் அறுந்துபோக விடாதீர்கள்.

ஏமாறாதீர்கள்

'ரெஃபரல் ஃபீஸ்', 'ஹெச்.ஆர்.-க்குக் கொடுக்கணும்', 'லேப்டாப் டெபாசிட்' என்று யார் பணம் கேட்டாலும் அது மோசடி. கேட்டவர் சொந்தக்காரராக இருந்தாலும் சரி. அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். ஆன்லைனில் பணம் இழந்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். வெளிநாட்டு வேலை என்றால், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை அணுகலாம். தனியார் முகவர் என்றால், வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவர்தானா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்ற முகவரும் சேவைக் கட்டணமாக ₹30,000-உம் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும் தவிர வாங்கக் கூடாது.

வேலையில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்

இதைப் படிக்கிற உங்களில் பலர் நல்ல வேலையில் இருப்பீர்கள். உங்கள் கம்பெனியில் ஆள் எடுக்கும் செய்தி வந்தால், சொந்தக்காரர் குழுவில் மட்டும் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். நீங்கள் படித்த அரசுப் பள்ளி, ஐ.டி.ஐ., கல்லூரியின் முன்னாள் மாணவர் குழுவிலும் போடுங்கள். யாராவது கேட்டு வந்தால், முடியும் அல்லது முடியாது என்று ஒரு வரி பதில் போடுங்கள். முடியாது என்ற பதில்கூட, காத்திருக்கிறவருக்கு ஒரு வாரத்தை மிச்சப்படுத்தும்.

வேலை தேடுபவர்களே, 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. நோட்டில் எழுதிய பட்டியலில் இருந்து மூன்று பெயரைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் கூட வேலை பார்த்தவர், ஒருவர் மேலே இருந்தவர், ஒருவர் வெளியிலிருந்து வந்து போனவர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் இன்னும் மூன்று பேர். அனுப்பிய தேதி, வந்த பதில், அடுத்து செய்ய வேண்டியது என மூன்று பத்தி போட்டு நோட்டிலேயே குறித்துவாருங்கள். பதிவைப் புதுப்பிக்க வேண்டிய தேதியையும் அதே பக்கத்தில் எழுதி வைத்துவிடுங்கள்.

வாழ்த்துகள்.